கதவு திறந்தால் பாட்டு முடியும்

வீட்டு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறவனுக்கு மிக்சி, குக்கர் விசில், காக்கா, பக்கத்து வீட்டு நாய் எல்லாமே பகையாளிதான். என்னுடைய ஸ்டுடியோ ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கண்ணாடித் தடுப்பெல்லாம் கிடையாது. ஒரே அறை, ஒரே கதவு. பாடுகிறவர் ஒரு மூலையில், ஹெட்போனோடு நான் இன்னொரு மூலையில். மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படும், நான் மட்டும் பழைய மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்திக்கொண்டிருப்பேன். என்னைப் போலவே ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்துக்கொண்டு, அடுத்தவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்கும் சக ஜீவன்களே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும்.

சாஃப்ட்வேர் இருக்கே சார்

பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் திருநீர்மலைப் பெருமாள் மேல் தானே பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். தானே பாடவும் செய்தார். சுருதிப் பெட்டி தாம்பரத்தில் நிற்க, அவர் பல்லவி முடிவதற்குள் பல்லாவரம் போய்விட்டார். நான் மரியாதையாக, "இன்னொரு டேக் போகலாமா சார்?" என்று கேட்டேன்.

சுருதியைச் சரிபண்ண சாஃப்ட்வேர் வந்தாலும் வந்தது, பாடுகிறவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "எதுக்கு சார் ரெண்டு பேருக்கும் கஷ்டம்? நான் வரிகள வாசிச்சுட்டுப் போயிடறேன், நீங்க கம்ப்யூட்டர்ல பாட்டா பண்ணிடுங்க."

ஃபுல்லா

அவர் போன மறுநாள் ஸ்டெல்லா அக்கா வந்தார். அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் ஓட்டல் பேண்டில் பாடியவர், போஸ்டரில் 'பாப் பாடகி' என்று போட்டு ஒரு கேசட்கூட வந்திருக்கிறது. அப்புறம் முப்பது வருஷமாக, தாம்பரம் வட்டாரத்தில் சர்ச் கல்யாணம் என்றால் ரிசப்ஷனில் ஸ்டெல்லா பேண்டுதான். கூடவே கிட்டாரோடு ரெஜி அண்ணன். குரோம்பேட்டைக்காரர், அக்காவை விட இரண்டு வயது மூத்தவர், ஆரம்பத்திலிருந்து அந்த பேண்டில் இருப்பவர். "வாங்க ஆன்ட்டி" என்றேன். "அக்கா போதும்" என்று வாசலிலேயே திருத்தினார்.

எழுபதுகளில் வந்த ஆங்கில சாஃப்ட் ராக் பாட்டுகள், கிட்டாரும் ஏக்கமுமாக மெதுவாகப் போகும் காதல் பாட்டுகள், அதில் எட்டை எடுத்து ஒரு ஆல்பம் செய்ய வேண்டும் என்றார். மெதுவாகச் செய்யலாமே அக்கா, என்ன அவசரம் என்றேன். அவர் கழுத்தில் புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். தைராய்டு கட்டி. இரண்டு வாரத்தில் ஆபரேஷன். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுதாம். அப்புறம் குரல் எப்படி இருக்கும்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். அதுக்குள்ள எட்டு பாட்டையும் பாடி வெச்சிடணும் தம்பி. ஃபுல்லா. அதான் முக்கியம், ஃபுல்லா."

குதிகால் செருப்பு

முதல் நாள் ரெக்கார்டிங்குக்கு அக்கா ஹவாய் செருப்போடு படியேறி வந்தார். மைக் முன்னால் நின்றதும் பையிலிருந்து ஒரு ஜோடி குதிகால் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். உதட்டுச்சாயம், பின் குத்திய பட்டுப் புடவை, காதில் தொங்கல். அறையில் இருப்பதோ நானும் ரெஜி அண்ணனும்தான். ஃபேனும் இல்லை.

தாளம் வந்தால் அக்காவின் குதிகால் தானாகத் தரையில் தட்டும். மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "வெறுங்காலோட நின்னு பாடுங்களேன்" என்று கெஞ்சினேன். முயற்சி செய்தார். ஒரு வரியிலேயே நிறுத்திவிட்டார். கடைசியில் நான்தான் தோற்றேன், கீழேயிருந்து இரண்டு கால்மிதியை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதே. செருப்ப கழட்டிட்டு லவ் சாங் பாடினா எனக்கே நம்பிக்கை வர மாட்டேங்குது."

டீ வந்தது, பாட்டு போனது

இரண்டாவது நாள், பாட்டு அற்புதமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வயதில் அப்படி ஒரு குரல், கொஞ்சம் சொரசொரப்பு சேர்ந்து, பட்டுக்குப் பதில் நல்ல கைத்தறி மாதிரி ஆகியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய என் மனைவி மாலதி, டீச்சர், சத்தமே வராமல் கதவைத் திறந்து டீயோடு எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். அக்கா அந்த வரியை அப்படியே வளைத்து, இழைத்து, அழகாக இறக்கி முடித்துவிட்டார். ரெஜி அண்ணன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சரியாக அதே இடத்தில் கிட்டாரை முடித்தார். இருவரும் புன்னகையோடு கதவைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்கள். பாதிப் பாட்டு பாக்கி இருக்கிறது! டீத் தட்டோடு மாலதி விழித்தாள். "ஏன் அண்ணா நிறுத்திட்டீங்க?" என்றேன். ரெஜி அண்ணனுக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. "இன்னா பண்றது மச்சான், முப்பது வருஷப் பழக்கம். கதவு தொறந்தா பொண்ணு மாப்ள வந்துட்டாங்கன்னு அர்த்தம், உடனே முடிச்சிட்டு கல்யாண மார்ச் வாசிக்கணும். உன் வூட்டம்மா டீ எடுத்துகினு வரும்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

கடைசி சரணம்

அக்கா ஏன் 'ஃபுல்லா, ஃபுல்லா' என்று அழுத்திச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாண மேடையில் எந்தப் பாட்டையும் அவர் கடைசிவரை பாடியதே இல்லை. பொண்ணு மாப்பிள்ளை வருவார்கள், கேக் வெட்டுவார்கள், யாராவது வாழ்த்திப் பேச எழுந்துவிடுவார்கள். எல்லாப் பாட்டும் இரண்டாவது சரணத்தோடு சரி. ஓட்டலில் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியவருக்கு, பாட வாய்க்காத கடைசி சரணம் மறந்தே போய்விட்டது. அதையெல்லாம் பேத்தி இப்போது போனில் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

நான்காவது பாட்டு அவருடைய ஆஸ்தானப் பாட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் வருவதற்குச் சற்று முன்னால் எல்லாக் கல்யாணத்திலும் அதைத்தான் பாடுவார்களாம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது சரணத்தை மனசுக்குள் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் மாறியது. அதில் அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இனிமேல் நாம் சேர்ந்திருப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ரெஜி! பிரிஞ்சு போற பாட்டப் பாடியா தாம்பரம் பூரா கல்யாணம் பண்ணி வெச்சோம்?"

மூச்சு

ஆறு பாட்டு முடிந்ததும் அக்காவை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. சாஃப்ட்வேரில் போட்டு, சுருதி கொஞ்சம் பிசகிய இடங்களை நேராக்கி, வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கும் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்து, பளபளவென்று ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். அக்கா கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். "ரொம்ப நல்லா பாடியிருக்காங்க. யாரு தம்பி இது?"

ஹாரன்

கடைசிப் பாட்டுதான் கஷ்டம். கடைசி சரணத்தின் கடைசி வரி உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, அப்புறம்தான் இறங்கும். முந்தின நாள் எடுத்த டேக் எல்லாம் அந்த இடத்தில் உடைந்துவிட்டன. வேறு யாராவது என்றால் உச்சியை மட்டும் தனியாகப் பாடவைத்து ஒட்டியிருப்பேன். அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அக்கா தன் போனைக் கீழே மாலதியிடம் கொடுத்துவிட்டு வந்து, குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

முதல் சரணம். இரண்டாவது சரணம். கடைசி சரணம் தொடங்கப் போகிற நேரம், கதவு திறந்தது. அக்காவின் போனைக் கையில் பிடித்தபடி மாலதி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ அவசரம் என்று தெரிந்தது. ரெஜி அண்ணனின் விரல் பாட்டை முடிக்கும் இடத்துக்குத் தானாகவே போய்விட்டது. போச்சு என்று நினைத்தேன்.

அக்கா கதவைப் பார்த்தார். மாலதியைப் பார்த்தார். கால்மிதியை விட்டு ஒரு காலை நகர்த்தி, வெறும் தரையில் குதிகாலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ரெஜி அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்து, முடிக்க இருந்த விரலைத் திருப்பிப் பாட்டுக்குள் வந்துவிட்டார். அக்கா கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி சரணத்தைப் பாடினார். திறந்த கதவு வழியாக வேளச்சேரி சாலையிலிருந்து ஒரு லாரி ஹாரன் உள்ளே வந்தது. அவர் அதற்கும் மேலே போனார். உச்சியில் குரல் லேசாகக் கீறியது, ஆனால் உடையவில்லை. நின்றது. நிதானமாக இறங்கியது. எத்தனையோ பேரை ரெக்கார்ட் செய்தவன் நான், அன்றைக்கு ஹெட்போனுக்குள் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

கிட்டார் அடங்கிய பிறகுதான் மாலதி வாயைத் திறந்தாள். பெட் காலியாகிவிட்டதாம், ஆபரேஷனை முன்னால் வைத்துவிட்டார்களாம், இன்றைக்கே வந்து சேரச் சொல்கிறார்கள். அக்கா குனிந்து குதிகால் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார். ஹவாய் செருப்பை மாட்டினார். "போலாம். ஃபுல்லா பாடிட்டேன் இல்ல?"

கேட்க வந்த நாள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் கிசுகிசுப்பாகிவிட்டது. வரும், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு மாசம் கழித்துக் கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு ரெஜி அண்ணனோடு ஆல்பத்தைக் கேட்க வந்தார். நான் எதையும் துடைக்கவில்லை. மூச்சு இருந்தது. கீறல் இருந்தது. குதிகால் தட்டு, ஹாரன் இரண்டும் அப்படியே இருந்தன. அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். தன் குரலைத் தானே வெளியே நின்று கேட்பது லேசான காரியமா?

எட்டாவது பாட்டு வந்தது. ஸ்பீக்கரில் குதிகால் தட்டியபோது ரெஜி அண்ணன் அன்றைக்குப் போலவே திடுக்கிட்டார், அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மாலதி கதவைத் திறந்தாள், கையில் டீத் தட்டு. என் கை வழக்கம்போல நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காற்று மட்டுமே இருந்த குரலில் சொன்னார்: "உள்ள வந்து கதவ சாத்திட்டு உக்காரு மாலதி, கடைசி சரணம் வருது."

அன்றிலிருந்து என் மனைவி, உள்ளே பாடுவது யாராக இருந்தாலும், அந்தப் பாங்க்காரராகவே இருந்தாலும், கடைசி சரணம் முடிகிறவரை கதவுக்கு வெளியே தட்டோடு காத்து நிற்கிறாள் என்பதால், அன்பர்களே, இந்தத் தொழிலில் எனக்கு இனி ஆறிப்போன டீதான்.