ஜோர்தானில் நின்ற சித்தி

நான் ஏழாம் ஆண்டு படித்தபோது எங்கள் புவியியல் டீச்சர் உலகத்தைப் பெயர்களே இல்லாமல் கற்பித்தார். நாடுகளின் எல்லைக் கோடுகள் மட்டும் உள்ள வெற்றுப் படத்தை ஆளுக்கொன்று கொடுப்பார். பெயர்களை நாங்கள்தான் எழுத வேண்டும். முதல் வாரம் என் சீனா ஆபிரிக்காவுக்குள் இருந்தது. டீச்சர் கோபிக்கவில்லை. "இம்புட்டுப் பெரிய நாட்ட எப்படிம்மா அங்க தூக்கிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டார்.

பெற்றோர் தினத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி சேர் வருவதாக இருந்தது. கொட்டகலையின் பெரிய பள்ளிகளில்கூட இல்லாத ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பள்ளி அதிபரின் ஆசை. டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் அதே வெற்றுப் படத்தைப் பெரிதாக வரைந்தார். வந்தவர்கள் ஒரு நாட்டைச் சொன்னால், பிள்ளை ஒன்று அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அங்கே நிறுத்த வேண்டும்.

அன்று காலை மழை பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவில் தண்ணீர் தேங்கியது, ஆசியாவில் பாதி கரைந்து ஓடியது. டீச்சர் மேடை வேலையில் இருந்ததால் நாங்களே திருப்பி வரைந்தோம். எல்லோருக்கும் இலங்கையில் நிற்க ஆசை, ஆகவே அதைச் சற்றுத் தாராளமாகப் போட்டோம். முடித்துவிட்டுப் பார்த்தால் அது இந்தியாவைவிடப் பெரிதாக இருந்தது. டீச்சர் வந்து பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, இருக்கட்டும். நம்ம நாடுதானே."

சேர் பிரான்ஸ் கேட்டார். என் வகுப்புக்காரன் ஒருவன் அவரை மிகச் சரியாகக் கூட்டிப்போய்க் குட்டைக்குள் நிறுத்தினான். அவருடைய சப்பாத்து முழுதும் சேறு. "பிரான்சுலயும் மழையா?" என்று அவர் சிரித்த பிறகுதான் அதிபருக்கு மூச்சு வந்தது.

பெற்றோர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றார்கள். முதலில் வந்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார், தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்ததால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னய ஜோர்தானுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்படி ஒரு நாட்டின் பெயரை நான் எந்தப் படத்திலும் எழுதியதில்லை. ஆனால் சேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழித்துக்கொண்டு நிற்க முடியுமா? சித்தியின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்து ஓரிடத்தில் நிறுத்தினேன். கூட்டம் கைதட்டியது. டீச்சர் ஓடி வந்தார்.

"அது பிரேசில்மா. சித்திய இந்தப் பக்கம் கொண்டா."

டீச்சர் காட்டிய ஜோர்தானில் ஒரு பாதம்தான் வைக்க முடிந்தது. சித்தி அதில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, "நீ போயி நம்ம நாட்டுல நில்லு" என்றார். நான் போய் நின்றேன்.

"இங்கருந்து பாத்தா நீ நல்லாத் தெரியிற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து லண்டன் போக வேண்டும் என்று பக்கத்து லயத்து வீட்டுத் தாத்தா தயாராக நின்றுகொண்டிருந்தார். சித்தியோ நகரவில்லை.

"சித்தி, போதும், வாங்க. அடுத்த ஆளு நிக்குறாங்க."

சித்தி காலை மாற்றி ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அவர் கைக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் ஜோர்தானில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தேன். ஆனால் அன்று மைதானத்தில், மழை ஈரத்தில் வழுக்கிவிடும் என்று சித்தி பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்து, "பயப்படாம வாங்க, நான் இருக்கேன்ல" என்று இழுத்து வந்தேன்.