வேனுக்கே ஊசி கேட்ட சம்பூர்ணம்

கம்பெனி வேனில் சம்பூர்ணம் ஏறிவிட்டால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். அவள் வாய்க்கு முன்னால் பாட்டு எடுபடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. விடியுமுன் கிளம்பி, நாளெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே நின்று, இருட்டியபின் வீடு சேருவாள். வெயிலை ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது பார்த்தால்தான் உண்டு.

போன மழைக்காலத்தில் இடுப்பும் காலும் விட்டுப்போயின. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்து, வைட்டமின் டி மிகவும் குறைவு என்று ஒரே ஒரு ஊசி போட்டார். சில வாரங்களில் சம்பூர்ணம் வேன் படியில் தாவி ஏறினாள்.

அவ்வளவுதான். இடுப்பு வலி, கால் வலி என்று வேனில் எல்லோருக்கும் அதே ஊசி வேண்டுமாம். புடவையோ மீனோ, வேனுக்கே மொத்தமாக வாங்கித் தருகிறவள் அவள்தானே? மெடிக்கலில் தன் பழைய சீட்டைக் காட்டி ஆளுக்கொரு ஊசி மருந்து வாங்கினாள். ஞாயிறன்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

"என்னம்மா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"மருந்தெல்லாம் எடுத்தாந்துட்டோம் மேடம். நீங்க குத்தினா போதும்" என்ற சம்பூர்ணம், அதே வேனில் வரும் பக்கத்து வீட்டு ஜெபாவை முதல் ஆளாக முன்னால் தள்ளினாள். ஜெபா சுடிதார்க் கையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"ரத்தம் பார்த்தாச்சா? கிட்னியில கல்லு ஏதாவது?"

ஜெபாவின் கை அப்படியே நின்றது. "போன வருசம் கல்லு இருந்துச்சு மேடம்."

டாக்டரம்மா மருந்தை ஓரமாக வைத்தார். "இது உடம்புல ரொம்ப நாள் தங்குற மருந்து. அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறும். வாந்தி வரும், மறுபடி கல்லு வரும், கிட்னியே கெட்டுப்போகலாம். குறைவு இருக்கான்னு பார்க்காம போடமாட்டேன். குறைவு இருந்தாலும் நிறைய பேருக்கு மாத்திரையே போதும்."

சம்பூர்ணம் ஜெபாவின் சுருட்டிய கையை இறக்கிவிட்டாள்.

"என்னா அக்கா, என்னை முடிச்சுடப் பாத்தியா?" என்று ஜெபா சிரித்தாள்.

"எனக்கு நல்லாச்சேன்னுதாண்டி..." அதற்குமேல் பேச்சு வரவில்லை.

வெளியே வந்ததும் பேச்சு வந்துவிட்டது. மெடிக்கலில் போய், "என் ஒருத்தி சீட்டுக்கு ஊருக்கே எப்படிக் குடுத்த?" என்று சண்டை போட்டு எல்லா மருந்தையும் திருப்பிக் கொடுத்தாள்.

ரத்தப் பரிசோதனையில் பலருக்கு மாத்திரை, ஒருத்திக்கு மட்டும் ஊசி. ஜெபாவுக்குக் குறைவே இல்லை. அவளுக்கு இருந்தது நாளெல்லாம் நின்றதால் வந்த கால் வலி. அதற்கு டாக்டரம்மா உடற்பயிற்சி சொல்லித் தந்தார். இப்போது சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கம்பெனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டுகிறார்கள்.

"ஏண்டி, இதுக்கு ஊசியே தேவலாம் போலக்கீதே!"

"வாய மூடிக்கினு காலை நீட்டுக்கா."