ஊட்ல வேற யாரும் இல்ல

தன் புருஷன் தொழிற்சாலையில் என்ன வேலை பார்த்தார் என்பது வேம்புலியம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்பவர்கள் சிரிக்கலாம். ஆவடிப் பக்கம் ராணுவத் தளவாட வேலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். உள்ளே பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்று சேரும்போதே சொல்லிவிடுவார்கள். அதைக் காற்றில் விட்டுவிட்டு டீக்கடையில் அளக்கிறவர்களும் உண்டு. அவள் புருஷன் குணசேகரன் அந்த ரகமில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "உள்ள உங்களுக்கு இன்னா வேல?" என்று வேம்புலி கேட்டாள். "அத்தெல்லாம் கேக்கக் கூடாது" என்றார். அவளும் அதன்பிறகு கேட்கவில்லை.

அவள் திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட நிலமெல்லாம் மனைகளாகி, அதில் ஒரு மனையில்தான் இப்போது அவர்கள் வீடு நிற்கிறது. வயல் போனதற்கு அவள் ஒருநாளும் கண்ணீர் விட்டதில்லை. சேற்றில் நின்ற காலுக்குச் சிமெண்ட் தரை சுகமாகத்தான் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தீபிகா என்று ஒரே பெண். அவளைப் படிக்கவைத்துத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. குணசேகரன் ரிடையரான பணம் பேங்கில் இருந்தது. இரண்டு பேரும் இனி யார் கையையும் எதிர்பார்க்காமல் காலம் தள்ள அது ஒன்றுதான் ஆதாரம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, டிபன் முடித்த கையோடு குணசேகரனுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடியே, ஒரு கையால் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"இன்னாங்க, ஒடம்பு எதுனா பண்ணுதா?"

பேசாதே என்று கையைக் காட்டினார். திரும்பிப் போகும்போது, "ஆபீஸ் விஷயம்" என்று மட்டும் முணுமுணுத்தார். ரிடையராகி வருஷங்கள் ஓடிவிட்டன, இதில் என்ன ஆபீஸ் என்று எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். வேம்புலிக்கு அது வாய்க்கு வரவில்லை. கேட்காமலிருந்தே பழகிவிட்டாள்.

அன்று முழுக்க அந்த அறையிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. இந்திக்காரன் தமிழ் பேசுகிற மாதிரியும் இருந்தது, தமிழன் இந்திக்காரன் மாதிரி பேசுகிற மாதிரியும் இருந்தது. "எங்க போறீங்க? கேமரா முன்னாடி வாங்க" என்றது. "இப்ப சாப்பிடலாம்" என்றது. "பாத்ரூம் போயிட்டு வரேன் சார்" என்று அவள் புருஷன் அனுமதி கேட்டார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். பட்டப்பகலில் வீடு இருண்டு கிடந்தது. ஆடி மாதத்தில் சாமி வந்து ஆடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கண்ணில்கூட எங்கேயோ அவர்கள் இருப்பார்கள். குணசேகரன் கண்ணில் குணசேகரன் இல்லை. வேம்புலி பயந்துபோனாள். தன் வீட்டிலேயே அடிமேல் அடிவைத்து நடந்தாள்.

மறுநாள் காலை இட்லித் தட்டோடு போனபோது கதவு லேசாகத் திறந்திருந்தது. குரல் தெளிவாகக் கேட்டது. தொழிற்சாலை வரைபடங்கள் வெளிநாட்டுக்குப் போயிருக்கின்றன, அனுப்பியது குணசேகரன் என்று வழக்கு, அதனால் அவர் இருக்கிற இடத்திலேயே கைதியாக இருக்கிறார். நாட்டு ரகசியம், ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது. தட்டில் கிண்ணம் உரசிச் சத்தம் வந்தது.

"அங்க யாரு? வீட்ல வேற யார் இருக்கா?"

குணசேகரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் அவள் தட்டோடு நின்றாள்.

"யாரும் இல்ல சார்" என்றார். "ஊட்ல வேற யாரும் இல்ல."

வேம்புலி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். தரையில்தான் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. இத்தனை வருஷம் தான் வாய்மூடி இருந்தது மரியாதைக்கா, அல்லது உண்மையிலேயே தான் இங்கே இல்லையா என்று ஒரு கேள்வி வந்தது. அது அந்தக் குரலைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

உள்ளே குரல் தொடர்ந்தது. "பேங்க் திறந்திருக்கும். பணம் எல்லாத்தையும் நாங்க சொல்ற கணக்குக்கு மாத்துங்க. சோதனை முடிஞ்சதும் திரும்பி வரும்."

"சரி சார்."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தீபிகாவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று இவரைப் பிடிக்க முடியாமல், கேட்டில் தகவல் சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரியில் தனியாக நின்றாள். ஷிஃப்ட் முடிந்துதான் வந்தார், அதற்குள் பேரன் பிறந்துவிட்டான். போனைக் கண்டாலே நடுங்கிய கூட்டம், ரகசியத்தை இப்போது போனிலேயே விசாரிக்குமா?

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். போ போ என்று அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். போனில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், அவன் பின்னால் ஒரு கொடி. அவனுக்குக் கீழே மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் குணசேகரன் முகமும், அதற்குப் பக்கத்தில் தன் முகமும் தெரிந்தன.

"யாரும் இல்லைன்னு சொன்னீங்க?" என்று காக்கிச் சட்டை அதட்டியது.

"நான் கீறேன்" என்றாள் வேம்புலி. "இவரு பொண்டாட்டி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டுப் போ. இவரு அங்க இன்னா வேல பாத்தாரு?"

"அது ரகசியம்."

"எனக்குத்தான் ரகசியம். உனக்கின்னா? எந்தப் பக்கம் வேல, இன்னா வேல, யார்கிட்ட வேல? இவரு காதுலயே சொல்லு. நான் வெளிய போறேன்."

அங்கே ஒரே கத்தல். உன்னையும் கைது செய்வோம், தெருவில் வைத்து விலங்கு மாட்டுவோம் என்றது. குணசேகரன் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. "இவனுக்குத் தெரியல" என்றார், அவளிடமா தன்னிடமா என்று தெரியாமல். வேம்புலி போனைப் பிடுங்கி அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றாள், திரை கறுக்கிறவரை.

சாயங்காலம்வரை இரண்டு பேரும் போலீஸ் வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. வேம்புலி கூப்பிட்டதில் தீபிகாதான் வந்தாள். கையோடு போன் மோசடிக்கான போலீஸ் எண் 1930க்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள், பேங்குக்கும் சொன்னாள். ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் போலீஸ் பொறுமையாகத்தான் பேசினாள். "போன்ல கைது பண்றதுன்னு சட்டத்துலயே ஒண்ணும் கிடையாதுப்பா. யாருகிட்டயும் சொல்லாதன்னு எவன் சொன்னாலும், மொதல்ல ஊட்ல சொல்லுங்க." குணசேகரன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

பணம் ஒரு பைசா போகவில்லை. தப்பித்தோம் என்று தெருவெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்தக் குரல் வீட்டைவிட்டுப் போகவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குணசேகரன் எழுந்து நிற்பார், யாருமில்லாத சுவரைப் பார்த்து, "பாத்ரூம் போயிட்டு வரேன் சார்" என்பார். சொன்னது அவருக்கே தெரியாது.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "யாரும் இல்லன்னு சொல்லிட்டீங்களே" என்று கேட்டுவிட்டாள்.

"உன்னையும் புடிச்சுடுவானுங்கன்னுதான் சொன்னேன்" என்றார்.

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவருக்கும் அவளுக்கும் நடுவில் பொய் என்று ஒன்று நடந்ததில்லை, பேச்சே அதிகம் நடந்ததில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் அவர் போனை எடுத்துவிட்டால் வேம்புலி அடுப்படியில் ஏதாவது ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறாள். "இன்னாப்பா சத்தம் அங்க?" என்று அந்தப் பக்கம் தீபிகா கேட்கிறாள். "உங்கம்மா கீறா" என்கிறார் குணசேகரன். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் அடுத்த வேலைக்குப் போகிறாள்.