சோனாப்பூரில் ஒரு பொன்னாடை

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் எங்கள் ரூமில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் ஒளிந்திருந்தார். அகதியாக ஏற்கும்படி ஐ.நா. அலுவலகத்தில் அவர் கொடுத்த மனு தள்ளுபடியாகிவிட்டது. விசாவும் முடிந்துபோயிற்று. பிடிபட்டால் இலங்கைக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே அவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வேலைக்குப் போக முடியாது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்ட முடியாது. நாங்கள் டியூட்டிக்குப் போனதும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எங்களுக்கும் சேர்த்துச் சமைப்பார்.

செய்தி எப்படியோ ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் காதுக்குப் போனது. நம்மவர்களுக்கு அரைக்கிலோ பருப்பு கொடுத்தாலும் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்காவிட்டால் கொடுத்தது செரிக்காது. விடுமுறை நாளில் வந்தார்கள், அந்த வெயிலில் கோட்டும் சூட்டுமாக. அரிசி மூட்டை ஒன்று, அதைத் தொட்டுக்கொண்டு நிற்க அரை டஜன் பேர்.

"அண்ணை, படம் மட்டும் வேண்டாம்," என்று யாழ்ப்பாணத்துக்காரர் கை கூப்பினார். "என்ர முகம் எங்கையும் வரக்கூடாது."

"முகத்த மறைச்சிடுவோம் தம்பி. நாங்க என்ன விவரம் இல்லாதவங்களா?" என்றார் தலைவர்.

விவரமானவர்கள்தான். முகத்தின் மேல் பெரிய ரோஜாப்பூ ஒன்றை ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். 'அடைக்கலம் மறுக்கப்பட்ட ஈழத்து உறவுக்கு உதவிக்கரம்' என்று தலைப்பு வேறு. தலைவரின் தோளுக்குப் பின்னால் எங்கள் ரூம் கதவு. கேம்பின் பெயரும் ரூம் நம்பரும் அதில் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மூதேவிக்கும் அது கண்ணில் படவில்லை.

கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸின் கண்ணில் பட்டது. மறுநாள் வந்து நின்றான். "இன்னிக்கே ஆள் வெளியே. இல்லேன்னா போலீஸ். கலாஸ், அவ்வளவுதான்!"

அவர், கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி மூடிவைத்துவிட்டுப் பையை எடுத்தார். ராஸ் அல் கைமாவில் கல்குவாரி லாரி ஓட்டும் என் சிநேகிதன் ரூமுக்கு அனுப்பிவைத்தேன். அங்கே எத்தனை நாள் தாங்குமோ தெரியாது.

தலைவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். மனுஷன் பதறவே இல்லை.

"முகத்தத்தான் மறைச்சிட்டோமேங்க! சரி விடுங்க, இப்ப எங்க இருக்காரு? நேர்ல போயி ஆறுதல் சொல்லணும்ல. போட்டோகிராஃபரும் ஃப்ரீயாத்தான் இருக்காரு."

இந்த ஆளிடம் உண்மையைச் சொல்வதும் போலீசிடம் பிடித்துக்கொடுப்பதும் ஒன்றுதான். "பிடிச்சு இலங்கைக்கே அனுப்பிட்டாங்க," என்று பொய் சொன்னேன்.

"அப்பாடா, சொந்த ஊருக்கே போய்ச் சேந்துட்டாரா! ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார்.