ஆயிரம் ஓம்

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள அந்தக் கல்லூரிக்கு மழைநாளில் போய், ஆய்வகத்தின் கடைசி மேசையில் கைவைத்துப் பாருங்கள். நான் துணைக்கு வரமாட்டேன்.

அன்று புயல் விடுமுறை. இடித்த இடியில் மாமல்லபுரத்துக் கல் யானைகளே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். பவர் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் பிரதீபா மட்டும் ஆய்வகத்தில் தனியாக இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். அந்த ஊரில் பேச ஓர் ஆள் கிடையாது. மாணவர்கள் ஆன்லைனில். திரையில் முகங்கள் இல்லை, கறுப்புக் கட்டங்கள்தான்.

கணினியில் இன்வெர்ட்டர் சர்க்யூட்டை வரைந்து ஓட்ட வேண்டும். பிறகு மேசைமேல் உள்ள நிஜ இன்வெர்ட்டரின் இரும்புப் பெட்டியில் சுவிட்சைப் போட்டு, அதே அலை வருவதைக் காட்ட வேண்டும். அதுதான் பாடம்.

வரைந்தாள். ஓட்டினாள். அலை கோணியது.

திரையில், அவள் போடாத ஒரு ரெசிஸ்டர். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே. ஆயிரம் ஓம்.

"யாருப்பா கை வெச்சது?"

"நாங்க இல்ல மேம். பாத்துகினுதான் கீறோம்," என்றான் ஆல்வின். "ஆயிரம் ஓம்னா மனுசன். நீங்கதான சொன்னீங்க."

ஆமாம். ஷாக் கணக்கில் மனித உடம்புக்குப் பதிலாக ஆயிரம் ஓம் மின்தடை போடுவது வழக்கம்.

"அப்ப உள்ள யாரோ குந்திகினு கீறாரு மேம்," என்றாள் பிரிசில்லா. சிரித்தார்கள்.

அழித்தாள். ஓட்டினாள்.

மறுபடி வந்தது. இப்போது எண்ணூறு.

அழித்தாள்.

அறுநூறு...

கை நனைந்தால் ஓம் குறையும். அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

சொட்... சொட்...

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பெட்டியின் முன்னால், தரையில், ஈரமாக இரண்டு பாதங்கள்.

அவளைப் பார்த்தபடி.

சுவிட்சுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் வராமலிருந்தால் கல்பாக்கம்வரை ஓடியிருப்பாள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ராஜேந்திரன் பெட்டியைச் சோதித்தார்.

"எர்த் அறுந்து, பெட்டி பூரா கரண்ட்டு கீது மேம். தொட்டிருந்தா வூட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க. மூடிப்போன ஒரு காலேஜ்லேர்ந்து வந்த பெட்டி இது. அங்க தாவீதுன்னு ஒரு வாத்தியார இப்டிதான், மழைல..."

அந்தத் தாவீது காப்பாற்றத்தான் வந்திருக்கிறார். பிரதீபாவுக்குக் கண் கலங்கியது. நேற்று வரைந்த சர்க்யூட் ஃபைலைத் திறந்தாள்.

இரண்டு ரெசிஸ்டர்கள். பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்றின் பெயர் தாவீது. அறுநூறு ஓம்.

மற்றது பிரதீபா. இன்னும் நனையவில்லை.

ஆயிரம்.