ஒற்றை இலையில் ஒரு மஞ்சள் கோடு

லண்டனின் ஹரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வயலுக்குப் போக ஒரு மணி நேரம் பிடிக்கும். லண்டன் முடிந்து மூடுபனி தொடங்கும் இடத்தில் எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே கோதுமையின் மஞ்சள் துரு நோயை ஆராய்வதுதான் என் வேலை. இலையில் தையல் போட்டதுபோல் கோடு கோடாக வரும் பூஞ்சை அது. பொன் தூள்போன்ற அதன் வித்துகள் காற்றிலேயே கடல் தாண்டும். கண்ணை மூடினால் பல நாள் அந்தப் பொன் தூள் மிதப்பதைக் கண்டிருக்கிறேன்.

அந்தத் துருவைத் தாங்கும் ஒரு கோதுமை இனத்தை ஒன்பது வருடம் வளர்த்தேன். சுற்றியுள்ள பாத்திகள் மஞ்சளாகும்போது அது மட்டும் பச்சையாக நிற்கும். இலையுதிர்காலத்தில் விவசாயிகளுக்கு விதை கொடுப்பதாக இருந்தது.

ஒரு ஜூன் காலை, பனி விலகாத வயலில் தனியே நடந்தேன். என் பாத்தியில், ஒரே ஒரு இலையில், விரல் நீளத்துக்கு மஞ்சள் கோடு. தொட்டேன், ஒட்டியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இலையைக் கிள்ளிக் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு, வேறு யாரோ சொல்வதுபோல் மெதுவாக வந்தது. கிள்ளினேன். காகித உறையில் இட்டு, பாத்தி எண்ணை எழுதினேன்.

எங்கள் பிரிவின் தலைவி, ஓய்வுக்கு நெருங்கிய ஆங்கிலேயப் பெண்மணி, அந்த இலையை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு அழகு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மன்னித்துக்கொள்," என்றார்.

என் கோதுமையையும் தாக்கும்படி பூஞ்சை தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. விதை வெளியீடு அன்றே நின்றது.

கணவருக்குப் போன் எடுத்தேன். "இஞ்சருங்கோ, என்ரை கோதுமைக்கும் துரு வந்திட்டுது."

"நீர் கார் ஓட வேண்டாம். நான் வாறன்," என்றார் அவர்.

மத்தியானம் வந்தார். அதுவரை அவர் என் வயலைப் பார்த்ததில்லை. நோய் முற்றிய வேறொரு பாத்திக்குக் கூட்டிப் போனேன். இலையை உருவிப் பார்த்தவரின் விரலெல்லாம் மஞ்சள்.

"இதோடயோ இவ்வளவு காலமும் மல்லுக்கட்டினனீர்?"

"ஓம்."

"விட ஏலாதோ?"

"ஏலாது," என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அடுத்த வசந்தத்தில், கண்ணாடிக் கூடத்து ஈர வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான கோதுமை நாற்றுகள்மேல், எது தாங்கும் என்று பார்க்க, அந்தப் புதுப் பூஞ்சையையே தூவினேன். மூன்றாம் வாரம் எல்லாம் மஞ்சளாகின, ஏழு நாற்றுகளைத் தவிர. அந்த ஏழு நாற்றுகளையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.