மாஸ்டர் பிடித்துத் தைத்த சட்டைகள்

எங்கள் டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில். உடம்பில் தேங்கிய தண்ணீரை மிஷின் உறிஞ்ச உறிஞ்ச, ஐந்து பேருக்குப் பிரஷர் இறங்கும். எனக்கெல்லாம் மூன்றாவது மணி நேரத்தில் அது பாதாளம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். பக்கத்துக் கட்டில் டெய்லர் மாஸ்டருக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். நூற்றைம்பதில் வந்து படுப்பார், நூற்றுத் தொண்ணூறில் எழுந்திருப்பார். ஊரெல்லாம் கீழே இறங்குகிற மாடிப்படியில் ஒரு மனுஷன் மட்டும் மேலே ஏறினால் எப்படி இருக்கும்?

மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வருஷமாகக் கடை. அலமாரி அகலம் இருந்தால் அதிகம். அதற்குள் ஒரு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, ஒரு மாஸ்டர், ஒரு மனைவி. அவர் வெட்டித் தைப்பார், அந்த அம்மா காஜா எடுத்து பட்டன் வைக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தால் சுவர் வெடித்துவிடும்.

டேப் இல்லாமலே கண்ணால் அளவெடுக்கிறவர். முதல் நாளே என்னைப் பார்த்து, இடது தோள் அரை இஞ்ச் இறக்கம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் கண்ணாடி முன்னால் சாய்ந்துதான் நிற்கிறேன். சிஸ்டருக்குக் கோட்டில் கை நீளம், டாக்டருக்குப் பேண்ட்டில் இடுப்பு லூஸ். தப்பித்தது மிஷின் ஒன்றுதான், அதற்கு இடுப்பு இல்லை.

அவர் பிரஷரை இறக்க டாக்டர் படாத பாடு பட்டார். உப்பை நிறுத்தினார். சில மாத்திரையை மிஷின் கழுவிக்கொண்டு போய்விடும் என்று மாத்திரையை மாற்றினார். மாற்றி மாற்றி, மாஸ்டர் வீட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பே திறக்கலாம் போல ஆனது. பிரஷர் அசையவில்லை. கடைசியில் கட்டில் ஓரம் உட்கார்ந்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இப்படியே ஏறினால் ஒருநாள் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும்.

மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தக் கை டாக்டர்?"

"அது உங்களைக் கேட்டுட்டு விழாது மாஸ்டர்."

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் அவர் யாருக்கும் அளவு சொல்லவில்லை. அறையே ஜுரம் வந்த மாதிரி கிடந்தது.

சாப்பாடு இறங்குகிறதா, இளைத்திருக்கிறீர்களா என்று டாக்டர் ஒவ்வொரு மாதமும் கேட்பார். ஊசிமுனை அளவுகூட இளைக்கவில்லை, சட்டையைப் பாருங்கள் என்பார் மாஸ்டர். சட்டையும் சும்மா சொல்லக்கூடாது, அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். தராசும் அதே கதையைத்தான் சொன்னது. தேங்கிய தண்ணீரெல்லாம் போனபின் உடம்பு நிற்கவேண்டிய எடைக்கு ட்ரை வெயிட் என்று பெயர். மாஸ்டருக்கு அது அறுபது கிலோ. ஒவ்வொரு தடவையும் அறுபதுக்குக் கொண்டுவந்துதான் அனுப்பினார்கள்.

டாக்டர் கையைப் பற்றிச் சொன்ன மறுவாரம், அந்த அம்மா ஒரு பையோடு உள்ளே வந்தது. பையில் துவைத்துக் காயப்போட்ட சட்டை, உள்பக்கம் வெளியே திருப்பியபடி. பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. கையிலும் அப்படியே. ரயில் தண்டவாளம் மாதிரி வரிசையாக ஓடியது.

"இது என்னங்க?"

மாஸ்டர் மிஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிட்டது.

குட்டு உடைந்தது. ஒரு வருஷமாக மனுஷன் இளைத்துக்கொண்டே போயிருக்கிறார். இளைக்க இளைக்க, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டை தொளதொள என்று தொங்கினால் வீட்டில் கடையைப் பூட்டச் சொல்வார்கள், டாக்டரிடம் சொன்னால் அது வீட்டுக்கும் போய்விடும். ஊருக்கெல்லாம் அளவு சொன்னவர் சொந்த அளவை மட்டும் திருடிவிட்டார்.

"நான் கடையைப் பூட்டச் சொல்வேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று அந்த அம்மா கேட்டது. "கை விழுந்தா தானா பூட்டிக்காதா?"

கேட்ட கையோடு, அறைக்குள் வந்த டாக்டரிடம் சட்டையை நீட்டியது.

டாக்டர் சட்டையை வாங்கி எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சதை கரைந்திருக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் குடியேறியிருக்கிறது, அதனால்தான் தராசு மட்டும் அறுபதிலேயே நிற்கிறது என்றார். அந்தத் தண்ணீர்தான் பிரஷரை முட்டித் தள்ளுகிறது. அறுபது இனி இவருக்கு அளவே இல்லை. ஒரேயடியாக எடுத்தால் உடம்பு தாங்காது, அரை அரைக் கிலோவாகக் குறைப்போம் என்றார்.

குறைத்தார்கள். முதல் நாள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதில் மாஸ்டர் போட்ட சத்தத்துக்கு மூன்று தெரு தாண்டி நாய் குரைத்தது. எடை ஐம்பத்தெட்டரைக்கு வந்தும் பிரஷர் பிடிவாதமாகவே இருந்தது. கொஞ்ச நாள் எடுக்கும் என்றார் டாக்டர். அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்காராமல் கதவிலேயே நின்றது. நானே என் பிரஷரை விட்டுவிட்டு அவருடைய நம்பரைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஐம்பத்தேழரையில் பிரஷர் ஆட்டம் கண்டது. நூற்றெழுபது. அடுத்த வாரம் நூற்றைம்பத்தைந்து. ஐம்பத்தேழு வந்த வியாழக்கிழமை, மிஷின் நின்றதும் சிஸ்டர் நம்பரைப் படித்தது.

"நூத்தி முப்பத்தெட்டு."

"இன்னொரு தடவை பாரும்மா."

"நூத்தி முப்பத்தாறு மாஸ்டர். இன்னும் கேட்டீங்கன்னா நான் நாப்பது சேர்த்துச் சொல்லிடுவேன்."

கதவில் நின்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அழுகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை வந்தபோது மாஸ்டர் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்களாம். எத்தனையோ மாதமாக அவர் மூச்சை எண்ணி எண்ணி அந்த அம்மா தூங்கியதே இல்லை. இறங்கவேண்டிய இடம் வந்து, போய், பஸ் டிப்போவுக்குள் நுழைந்து, டிரைவர் வண்டியைக் கழுவ ஆரம்பித்தபின்தான் முழித்தார்களாம். குறட்டையில் எந்தக் குரல் யாருடையது என்று கண்டக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.